மூத்தோர் நினைவும் முப்பத்தோராம் நாளும்

இம்மலரின் குழுவினர் சென்ற மாதம் என்னைக் கண்டு, "மறைந்த மூத்தோர் நினைவாக நீர் ஒரு கட்டுரை தரல் வேண்டும், பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டா" என்று பணித்தனர். பக்கத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நினைவுரை எழுதிப் பழகிப்போன என் கையைப் பற்றியே கவலை. அதனை மறையாது முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு நேரசூசியிற் காணாத கடமைகள் பல உள. திருமண வாழ்த்து எழுதுபவன் அவன். கோயிற் கும்பாபிடேக மலருக்குப் பதிகம் பாடுபவன் அவன். அதிபர் இளைப்பாறும்போது வாழ்த்துமடல் யாப்பவனும் அவனே. இவை யாவற்றினும் மிகுதியாக அவன் எழுதுவது கல்வெட்டு. தமிழகத்து அன்பர்க்குக் கல்வெட்டு என்றாற் கோயிற் சுவரிற் பொறித்த எழுத்து. ஈழத்தவராகிய நமக்கோ அது, ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் உறவினர் கையிற் கொடுக்கப்படும் சிறு புத்தகம். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதன் அமைப்பு நீவிர் அறிந்ததே. முதலிற் பிள்ளையார் காப்பு, பின்பு ஊர்ச்சிறப்பு, அதன்பின் குடிச்சிறப்பு, அதனையடுத்து ஆண்டு, திங்கள், பக்கம், திதி யாவும் அமைந்த திதி வெண்பா, ஈற்றில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். மறைந்தவர் பெயரையும் ஊரையும் திதியையும் மாற்றினால் ஒருவருக்குப் பாடியது மற்றொருவருக்கும் பொருந்தும். யான் எழுதியவை இதுகாறும் அறுபதுக்குக் குறையா. அவற்றுள் ஒன்றை எடுத்து அட்டையைக் கிழித்துவிட்டு என் கையிலேயே கொடுத்தால், அஃது எவர்மேற் பாடப்பட்டது என்று என்னாற் சொல்ல இயலாது.

இதனை யான் உணர்ந்தது 2019ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு என் ஆசிரியர் ஒருவர் தம் எண்பத்தொன்பதாம் வயதிற் காலமானார். அவர் பெயரை இங்கு எழுதுவதை அவரே விரும்பியிரார், ஆதலின் விடுத்தேன். 1930இற் பிறந்தவர். எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தோணியிலும் பாதையிலும் வாவியைக் கடந்து, படுவான்கரைப் பாடசாலைகளிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து இளைப்பாறியவர். இளைப்பாறிய பின்னும், கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சைக்குப் படித்த எம்மைத் தம் வீட்டுத் திண்ணையில் இருத்தி, ஒரு சதமும் வாங்காது நன்னூல் சொல்லித் தந்தவர். அவருக்குக் கல்வெட்டு எழுதும் பொறுப்பு எனக்கே வந்தது. ஓர் இரவில் எழுதி முடித்தேன். கண் கலங்கித்தான் எழுதினேன். ஆயினும் கை தன் பழைய தடத்திலேயே ஓடியது.

முப்பத்தோராம் நாட் பந்தலிலே அவருடைய மூத்த மகள் அப்புத்தகத்தை இருமுறை புரட்டினார். பின்பு என்னருகில் வந்து, "தம்பி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கட அப்பா இதுக்குள்ள எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

கேள்வியிற் சினம் இல்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துக் காணாமற் கேட்டார். "அக்கா" என்று தொடங்கினேன். மேலே சொல் வரவில்லை.

அவரை யான் எங்கே விட்டுவிட்டேன் என்று வீடு சென்ற பின் எண்ணிப் பார்த்தேன். 'கற்றோர் போற்றும் கலைக்கடல்' என்று பாடியிருந்தேன். அவர் நான்கு பெண்மக்களைப் பெற்றவர் என்பதை, மக்கள் புலம்பலிற் பெயர் அடுக்கியதன்றி, ஓரிடத்தும் சொல்லவில்லை. மட்டக்களப்பில் நான்கு பெண்மக்களைப் பெற்ற ஒருவன் என்றால், நான்கு வளவு தேடி, நான்கு வீடு கட்டிய ஒருவன் என்பது பொருள். இங்கு மணமகன் மனைவியின் வீட்டுக்குப் போகின்றான். வீடு தாயிலிருந்து மகளுக்குச் செல்கின்றது. ஆகவே, ஓர் ஆசிரியனுடைய சம்பளத்தில் நான்கு வீடுகள் எழுந்தன. அவருடைய நடுவயது முழுவதும் மணலும் சுண்ணாம்பும் ஓடும் மரமுமாகவே கழிந்தது. அவர் பாடசாலை விட்டு வந்ததும் மேற்சட்டையைக் கழற்றிக் கொடியிற் போட்டுவிட்டு மேசனோடு நின்று கல் எடுத்துக் கொடுப்பார் என்று அவர் மகள் பின்னொரு நாள் சொன்னார். இது கலைக்கடலுக்குப் பொருந்தாத செயல் என்று என் கை எண்ணியதுபோலும்.

இன்னும் ஒன்று. அவர் ஒரு சொற்றொகுதி செய்துகொண்டிருந்தார். வாவியிலும் வயலிலும் வழங்கும் சொற்கள் அவை: காற்றின் பெயர்கள், தோணியின் உறுப்புகள், வலைவகைகள், யாவற்றினும் மேலாகச் சூடடிக்கும் களத்தில் மட்டும் வழங்கிய தனிமொழி. எருமை கட்டிச் சூடு மிதித்த காலத்திலே, களத்துக்குள் இறங்கிய ஒருவன் வீட்டில் வழங்கும் சொற்களை அங்கே வழங்கலாகாது. பொருளுக்குப் பொருள் வேறு பெயர் உண்டு. பேய்களுக்குப் பொருள் விளங்கி அவை பொலியைக் கொண்டுபோகாதிருத்தற்கு என்பர் முதியோர். உழவு இயந்திரம் களத்துள் இறங்கியதும் எருமை போயிற்று. எருமையோடு சொல்லும் போயிற்று. போடியார் முதல் முல்லைக்காரன் ஈறாகப் பலரிடம் அச்சொற்களைக் கேட்டு அவர் எழுதி வந்தார். தனிக் கொப்பி வாங்கி எழுதவில்லை. வீடு கட்டும் கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களிலேயே எழுதினார். முன்பக்கத்தில் ஓட்டுக் கணக்கு, பின்பக்கத்திற் களத்துச் சொல். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு அடித்த சூறாவளி வீட்டின் கூரையைக் கொண்டுபோனபோது முதற்றொகுதி முழுவதும் நனைந்து கூழாயிற்று. மறுபடியும் தொடங்கினார். நான்காம் வீடு குறுக்கே வந்தது. தொகுதி முற்றுப்பெறவில்லை.

இவ்வளவையும் யான் அறிந்திருந்தேன் என்பதே என் குற்றம். அறிந்திருந்தும் எழுதவில்லை, அவை நினைவுரைக்கு ஏற்ற செய்திகள் அல்ல என்று ஒதுக்கினேன்.

இனி இதனை ஒருவர் கதையாக விடாது, நாடறிந்த ஒருவரைக் கொண்டு ஆராய்வோம். மண்டூர் தந்த புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை அவர்களை நம் மாணவர் அனைவரும் பெயரளவிலேனும் அறிவர். 1899 ஜனவரி 8ஆம் நாள் பிறந்து 1978 நவம்பர் 2ஆம் நாள் மறைந்தவர். எண்பது நிறைய இரண்டு திங்களே எஞ்சியிருந்தன. சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் முருகன் கோயிலின் நிழலிற் பிறந்த அவர், தமிழ் கற்க யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைக்குச் சென்று, காவிய பாடசாலையிலே சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடம் பாடங் கேட்டார். ஆங்கு அவரோடு உடன் கற்றவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்தது 1928இலே. அதற்குமுன் இங்கிருந்து வடக்கே படிக்கப் போதல் என்பது கடல்வழியோ காட்டுவழியோ நாட்கணக்கிற் செல்லும் பயணம் என்பதை இக்கால மாணவர் உணர்தல் வேண்டும்.

அவர் வாழ்ந்த காலத்தின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். புகைவண்டி வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. நாடு விடுதலை பெற்றபோது நாற்பத்தொன்பது. 1957ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது ஐம்பத்தெட்டு. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தபோது அறுபத்தைந்து. அவர் கண்ணை மூடி இருபத்தோராம் நாள், முப்பத்தோராம் நாட் கிரியைக்கு முன்னரே, அதே சூறாவளி நம் நாட்டைச் சிதைத்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவர் பாடிய தென்னஞ்சோலைகள் ஓரிரவில் நிலத்திற் படுத்தன. அதனைக் காணாமற் சென்றது அவர் பேறு என்று அக்காலத்துப் பெரியோர் சொன்னதாக என் பாட்டனார் சொல்வார்.

புலவர்மணி மறக்கப்பட்டவரல்லர். அவர் நூல்கள் அச்சேறின. அவர் பெயரால் விழாக்களும் நிகழ்ந்தன. ஆயினும் பாடசாலை மேடைகளில் அவரைப் பற்றிப் பேசும் மாணவர் பேச்சுக்களை யான் ஆண்டுதோறும் திருத்திக் கொடுக்கின்றேன். பட்டம், நூற்பெயர், பிறந்த திகதி, மறைந்த திகதி: இவ்வளவே. அவர் தமிழாசிரியராய்ச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்திய இல்லறத்தார் என்பது ஒரு பேச்சிலும் வருவதில்லை.

இதற்குக் காரணம் ஒன்று உண்டென்று யான் கருதுகின்றேன். நம் நாட்டிற் பெரியோரை நினைப்பதற்கு நமக்கு வாய்த்த அச்சு, துறவியின் அச்சு. காரைதீவில் 1892இற் பிறந்து, 1922இற் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிய அடுத்த திங்களிலேயே மறைந்த விபுலாநந்த அடிகள் நமக்கெல்லாம் தலையாய பெருமகன். அவருடைய சமாதி கல்லடி உப்போடையிலே, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலிலே உள்ளது. ஆண்டுதோறும் நாம் சென்று வணங்குகின்றோம். வணங்குதல் முறையே. ஆயின் துறவியின் வாழ்வு எழுதுதற்கு எளிது. மடம் அவர் தாள்களைக் காக்கும். சீடர் அவர் சொற்களைக் காப்பர். அவர் நாளின் ஒவ்வொரு நாழிகையும் பொதுப்பணிக்கே உரியது. இல்லறத்தானுக்கோ மடம் இல்லை. அவன் நாளிற் பாதி மகளுக்கு மருந்து வாங்குதலிலும், வயலுக்கு நீர் பாய்ச்சுதலிலும், கச்சேரி வாசலில் நிற்றலிலும் போகின்றது. எஞ்சிய பாதியிலே அவன் செய்த பணியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, முன்பாதியை வெட்டி எறிந்து, அவனுக்கும் ஒரு காவியாடை உடுத்துகின்றோம். அடிகள் ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தார். புலவர்மணி அவருக்குப் பின்னும் முப்பத்தோராண்டு வாழ்ந்தார். ஒரே அளவுகோலால் இருவரையும் அளப்பது இருவர்க்கும் செய்யும் அநீதி.

புலவர்மணி வெண்பாவாக்க எடுத்துக்கொண்ட நூல் பகவத்கீதை என்பதும் இங்குச் சிந்தித்தற்குரியது. கருமயோகம், பத்தியோகம், ஞானயோகம் என முப்பகுதியாக அதனைப் பாடினார். கீதை காட்டிலே சொல்லப்பட்டதன்று. போர்க்களத்திலே, பாட்டனையும் ஆசிரியனையும் மைத்துனனையும் எதிரே கண்டு வில்லை நழுவவிட்ட ஒருவனுக்குச் சொல்லப்பட்டது. 'எல்லாவற்றையும் விட்டுப் போகின்றேன்' என்று அவன் சொன்னபோது, 'போகாதே, உன் கடமையைச் செய்' என்பதே மறுமொழி. பிள்ளைகுட்டியோடு வாழ்ந்த ஓர் ஆசிரியர் அந்நூலைத் தேர்ந்தது தற்செயல் என்று யான் எண்ணேன். இது என் ஊகமே, மறுப்போர் மறுக்கலாம்.

அவருடைய உரைநடை நூல் ஒன்றுக்கு 'உள்ளதும் நல்லதும்' என்று பெயர். நம் நினைவுரைகளுக்கு இதனினும் நல்ல இலக்கணம் வேறு வேண்டா. நாமோ நல்லதை மட்டும் எழுதி உள்ளதை விட்டுவிடுகின்றோம்.

ஆங்கிலத்தார் போரில் நின்று மீண்டவனையும், ஒரு தொழிலில் நெடுங்காலம் நின்று முதிர்ந்தவனையும் 'வெட்டரன்' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பர். முதுமை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. நம்மிடம் அப்படி இரண்டையும் தழுவும் ஒரு சொல் இல்லை. ஆனால் அப்பொருள் நமக்குப் புதியதன்று. களத்திற் பட்டவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறையாக வகுத்தார். கல்லைக் கண்டு தெரிதல் முதலிலே, வாழ்த்துதல் கடைசியிலே. நாமோ வாழ்த்திலே தொடங்கி வாழ்த்திலேயே முடிக்கின்றோம். கல்லைக் காண்பதே இல்லை.

தமிழகத்திற் செங்கத்துப் பகுதியிலே எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது; ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமையுடையது. எருமைப் புறத்தைக் காத்துப் பட்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துத் தலைவனருகே நின்றது என்றும் அக்கல்லில் எழுதியிருக்கின்றார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்றூர்க் கற்றச்சன் ஒருவன் நாயின் பெயரையும் விடாது பொறித்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஈராண்டு பயின்று தராதரப் பத்திரம் பெற்ற யான், என் ஆசிரியர் மனைவியார் முதல் வீட்டுக்கு அத்திவாரம் இடத் தம் தாலிக்கொடியை ஈடு வைத்ததை எழுதவில்லை.

என் ஆசிரியரிடம் நேரே போர் பற்றிய நினைவும் ஒன்று இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் முற்பகல், பன்னிரண்டு வயதுச் சிறுவனாய்க் கடற்கரையில் நின்று, கிழக்கே கடலில் எழுந்த கரும்புகையைக் கண்டவர் அவர். ஜப்பானிய விமானங்கள் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த நாள் அது. அக்கப்பலின் விமானங்கள் கரையிலே விடப்பட்டிருந்தன. தன்னைக் காக்க ஒரு விமானமும் இன்றி அது தாழ்ந்தது. முந்நூற்றேழு பேர் மாண்டனர். துணைக்கு வந்த 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கிற்று. ஏறக்குறைய அறுநூறு பேரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் நீரிலிருந்து எடுத்துச் சென்றது. இவையெல்லாம் ஆங்கில நூல்களில் உள. ஆனால் அன்று கரையில் நின்ற மட்டக்களப்பார் என்ன கண்டனர், என்ன செய்தனர் என்பது எந்நூலில் உளது? என் ஆசிரியர் ஒருமுறை, புறத்திணை சொல்லும்போது, இடையிலே நிறுத்தி இதனைச் சொன்னார். அவருடைய தாயார் கடற்கரைக்கு ஓடிவந்து அவர் காதைப் பிடித்து இழுத்துச் சென்றதைச் சொல்லிச் சிரித்தார். அதன்பின் 'சரி, தும்பைத் திணைக்கு வருவோம்' என்றார். மேலும் கேட்க எமக்குத் தோன்றவில்லை. பரீட்சைக்கு வாராத செய்தி அல்லவா!

இழப்புக்கு மற்றொரு வாயிலும் நம் வழக்கத்திலேயே இருக்கின்றது. தாய்வழி வீடு பெண்மக்களுக்குப் பெருங்காவல். அதனை யான் குறை சொல்லேன். ஆயினும் ஆடவன் ஒருவன் தன் தாள்களை வைப்பது மனைவியின் வீட்டிலே. அவனுக்குப்பின் அவ்வீடு மகளுக்குப் போம். மகளைக் கொண்ட மருமகன் வேற்றுக் குடியினன். மாமனாரின் கொப்பிகள் அவனுக்குக் கறையான் பிடித்த தாள்களே. மகனோ வேறொரு வீட்டில், வேறொரு மாமனாரின் கொப்பிகளோடு இருக்கின்றான். கறையானுக்கும் சூறாவளிக்கும் தப்பியவற்றை முப்பதாண்டுப் போர் இடம்பெயர வைத்தது. அதற்கும் தப்பியவற்றுள் எத்துணை 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையிற் கடலோடு போயின என்பதைக் கல்லடியிலும் நாவலடியிலும் வாழ்ந்தோர் அறிவர். இத்துணைக்கும் பின் ஒரு வீட்டின் தட்டியிலே ஒரு கணக்குக் கொப்பி எஞ்சியிருக்குமாயின், அதனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவிலே சேர்த்து வருகின்றனர். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலரும் அதனைப் பயன்படுத்துவதை அறிவேன். அங்கே சேர்வதற்குக் கொப்பியை முதலில் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

இதனை ஆசிரியர் அறையிற் பேசியபோது மூத்த நண்பர் ஒருவர் மறுத்தார். "வீட்டுச் சங்கதிகளை மலரிற் போடலாமா? பெரியவர்களுக்கு ஒரு மரியாதை இல்லையா?" என்றார். அம்மறுப்பை யான் எளிதாகத் தள்ளேன். தாலிக்கொடி ஈடு போனது ஒரு வீட்டின் மானத்தைத் தொடும் செய்தியே. உரியவர் ஒப்பாது எழுதலாகாது. ஆயினும் என் அனுபவத்தில், வீட்டார் மறைக்க விரும்புவதை விட, நாம் கேளாது விடுவதே பெரிது. அக்காவிடம் யான் கேட்டிருந்தால் அவர் அன்றே சொல்லியிருப்பார். பந்தலில் அவர் தேடியது அதனைத்தான்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை கொடுத்தேன். கட்டுரைக் கொப்பியில் 'யான் விரும்பும் பெரியார்' என்று எழுதுவதை நிறுத்தி, தத்தம் வீட்டிலோ அயலிலோ உள்ள எண்பது வயது கடந்த ஒருவரிடம் சென்று, மூன்று கேள்விகள் மட்டும் கேட்கச் சொன்னேன். முதற் சம்பளத்தில் என்ன வாங்கினீர்? வீடு எப்படிக் கட்டினீர்? செய்ய எண்ணிச் செய்யாமல் விட்டது எது? பெரும்பாலோர் ஒரு பக்கம் எழுதி வந்தனர். அவற்றுட் சில இணையத்திற் கண்டு எழுதியவை என்பதையும் மறைக்கவில்லை. ஒரு மாணவியின் பாட்டனார், முதற் சம்பளத்திற் குறுமண்வெளித் துறையிலே பாதைக்காரரிடம் இருந்த கடனைத் தீர்த்ததாகச் சொல்லியிருந்தார். பயிற்சி முடிந்து வேலை கிடைக்கும்வரை அப்பாதைக்காரர் அவரிடம் காசு கேளாது ஏற்றி இறக்கினாராம். அப்பாதைக்காரருக்குக் கல்வெட்டு எவரும் பாடியிரார்.

மற்றொரு மாணவனின் கொப்பியிற் பாதிப் பக்கமே இருந்தது. "ஏன் நிறுத்தினாய்?" என்றேன். "அப்பப்பா 1990க்கு வந்ததும் பேசாம இருந்திட்டார் சேர். நானும் கொப்பிய மூடிட்டன்" என்றான். அவனுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன். கேட்பதற்கு ஒரு கலை உண்டு. கேளாது விடுவதற்கும் ஒன்று உண்டு. பின்னதை அவன் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தான்.

மலர்க் குழுவினர்க்கு என் கருத்தைத் திறந்தே சொல்கின்றேன். மறைந்த மூத்தோர் பகுதிக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்படமும் நான்கு வரியும் என ஒதுக்கியிருக்கின்றீர்கள். அந்நான்கு வரியும் ஒரே வார்ப்பாய் இருப்பதை அச்சுப்படி பார்த்தபோது கண்டேன். அவற்றுட் பாதி யான் எழுதியவையே. பழைய மாணவர் சங்கத்தில் நினைவு வளைவு ஒன்று எழுப்ப நிதி சேர்ப்பது பற்றியும் பேசப்படுகின்றது. வளைவு வேண்டாம் என்று சொல்ல யான் யார்? கல்லூரிக்கு அழகுதான். ஆனால் அந்நிதியிற் சிறு பங்கை ஒதுக்கி, கல்லூரியின் மிக மூத்த பழைய மாணவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு இரு மாணவரை அனுப்பினால் என்ன? கைத்தொலைபேசியே போதும், போக்குவரத்துச் செலவும் ஒரு வேளைத் தேநீரும் கொடுத்தாற் போதும். எண்பத்தைந்து வயது கடந்தோர் நம் சங்கப் பதிவிலே எத்துணைப் பேர் என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் எண்ணிச் சொன்ன தொகையை இங்கு எழுதவில்லை. மலர் உங்கள் கைக்கு வரும்போது அது குறைந்திருக்கலாம்.

என் ஆசிரியரின் ஆண்டுத் திவசத்துக்கு இரு பக்கம் எழுதிக்கொண்டு அவர் மகளிடம் சென்றேன். இம்முறை வெண்பா இல்லை. நான்கு வீடுகளின் கதை, நனைந்த கொப்பியின் கதை, எஞ்சிய கொப்பியிலிருந்து களத்துச் சொற்கள் சில, கடற்கரைப் புகை, காதைப் பிடித்து இழுத்த தாயார், தாலிக்கொடி. கடைசிச் செய்திக்கு அவர் தாயாரின் ஒப்புதலைக் கேட்டே எழுதினேன். அக்கா கண்ணாடியை அணிந்துகொண்டு மெல்ல வாசித்தார். மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பின்பு என் பேனாவை வாங்கி ஓரிடத்தை அடித்தார்.

"இது பிழை தம்பி. மூண்டாம் வீட்டுக்கு முதல்ல அத்திவாரம் போடல்ல. கிணறுதான் வெட்டினது. தண்ணி உப்பா நல்லதா எண்டு பாத்துப்போட்டுத்தான் அப்பா வளவ வாங்கினவர்."

திருத்திக்கொண்டேன்.